வேண்டுதல் இல்லாத சுற்று

ஆடியில் கொடியேறிய நாளிலிருந்து அம்மன் தபசு நிற்கிற திருநாள் வரைக்கும் எங்கள் ஊரில் யார் எந்த நேரத்தில் கோயிலைச் சுற்றினாலும் ஏன் என்று கேட்க ஆளில்லை. நூற்றியொன்று நேர்ந்தவர்கள், ஆயிரத்தொன்று நேர்ந்தவர்கள், கைக்குழந்தையை இடுப்பில் வைத்தவர்கள், முழங்காலில் துணி கட்டியவர்கள் என்று வெளிப்பிரகாரத்தில் கூட்டம் நகர்ந்துகொண்டே இருக்கும். ஆடிச்சுற்று என்று பெயர். சுற்றுகிறவர்களின் கால்வலியைக் கோமதியம்மன் வாங்கிக்கொள்வாள் என்பது நம்பிக்கை. அதனால் வலிக்கிறதென்று யாரும் நிற்பதில்லை. தபசு முடிந்து சில நாளில் பிரகாரம் வெறிச்சென்று ஆகிவிடும். பிறகு ஐப்பசியில் ஒரு பெண் தனியாக, விடிந்தும் விடியாமல், தினமும் அதே கல்தரையில் சுற்றிக்கொண்டிருந்தால் ஊர் பேசாமல் இருக்காது. மாரிசெல்வியைப் பற்றி ஊர் பேசத்தான் செய்தது.

மாரிசெல்வி எனக்குப் பக்கத்து வீடு. ஒரே சுவர். அவள் வீட்டில் தாளித்தால் என் வீட்டில் தும்மல் வரும். நான் மேலநீலிதநல்லூர் யூனியன் ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்து ரிட்டயர் ஆனவள். என் தங்கை ரெபேக்காளும் நானும்தான் வீட்டில் இருந்தோம். இப்போது நான் மட்டும். ரெபேக்காளுக்கு நாற்பது வயதில் கர்ப்பப்பையையும் முட்டைப்பையையும் எடுத்தார்கள். நாற்பத்தெட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து, துணி மடித்துக்கொண்டிருந்தவள், தாடை வலிக்கிறது, பல்லாக இருக்கும் என்றாள். கிராம்பு எடுக்க நான் அடுப்படிக்குப் போனேன். திரும்பி வரும்போது மடித்த துணியின் மேலேயே சாய்ந்திருந்தாள். நெஞ்சுவலி என்றால் நெஞ்சில்தான் வலிக்கும் என்று நாங்கள் நினைத்திருந்தோம்.

அந்தத் துக்கத்துக்கு வந்த மாரிசெல்வி, எல்லோரும் போன பிறகும் போகாமல் உட்கார்ந்திருந்தாள். "யக்கா, எனக்கும் ரெண்டையும்தான் எடுத்திருக்கு" என்றாள்.

ஆப்பரேஷனுக்கு முன்னால் அவள் தறிக்குப் போய்க்கொண்டிருந்தாள். ரெண்டு தறி பார்ப்பாள். நூல் அறுந்தால் முடிச்சுப் போட, ஊடைநூல் சுற்றிய தார் தீர்ந்தால் மாற்ற என்று ரெண்டுக்கும் நடுவில் நாள் முழுக்க நடை. சாயங்காலம் வரும்போது தலைமுடியெல்லாம் பஞ்சு ஒட்டி நரைத்த மாதிரி இருக்கும். தறிச்சத்தத்தில் கத்திப் பேசிப் பழகியதால் வீட்டிலும் அப்படித்தான் பேசுவாள். முப்பத்தொன்பது வயதில் கட்டி, தீராத உதிரப்போக்கு என்று எல்லாவற்றையும் எடுத்த பிறகு, புருஷன் சுடலைமணி அவளைத் தறிக்கு விடவில்லை. பச்ச உடம்பு என்றான். நாலு வருஷம் கழிந்தும் அவனுக்கு அது பச்ச உடம்புதான். தண்ணீர்க் குடத்தை அவன் தூக்கினான். துணியை மகள் பொன்செல்வி துவைத்தாள். மாரிசெல்வி டிவிக்கு முன்னால் நாற்காலியில் இருந்தாள்.

சுடலைமணி மட்டன் ஹோட்டலில் மாஸ்டர். மதியப் பந்தி முடிந்து நாலு மணிக்கு வரும்போது கையில் தூக்குச்சட்டி இருக்கும். ஆட்டுக்கால் சூப்பு, குடல் குழம்பு, மேலே விரலளவுக்கு நெய்யாக மிதக்கும் சால்னா. பெண்டாட்டி உடம்பில் ரத்தம் ஊற வேண்டும் என்று, முதலாளிக்குத் தெரிந்தே, நல்ல துண்டாகப் பார்த்து எடுத்து வருவான். குடிக்கிறவனில்லை, அடிக்கிறவனில்லை. ஆசையோடு ஊட்டினான். அவள் பருத்தாள். ராத்திரியும் பகலும் திடீர் திடீரென்று உடம்பு தீயாக எரியும். சேலைத்தலைப்பை நனைத்து மேலே போட்டுக்கொள்வாள். மாடிப்படி பாதியில் நின்று மூச்சு வாங்குவாள்.

ரெபேக்காளின் நாற்பதாம் நாள் ஜெபம் முடிந்த மறுவாரம் நான்தான் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டரம்மா சின்ன வயசு. பிரஷர் பட்டையைக் கட்டிப் பார்த்துவிட்டு இன்னொரு முறை கட்டினார்.

"முட்டைப்பையில சுரக்குறதுதாம்மா இவ்வளவு நாளும் உங்க ரத்தக்குழாயை இளக்கமா வச்சிருந்தது. மத்தவங்களுக்கு அம்பதை ஒட்டிக் கொஞ்சம் கொஞ்சமா நிக்கும். உங்களுக்கு ஒரே நாள்ல நின்னுட்டுது. குழாய் விறைக்குது. கொழுப்பும் சீக்கிரம் படியும்."

"மாத்திரை குடுங்கம்மா, போட்டுக்கிடுதேன்" என்றாள் மாரிசெல்வி.

"தாரேன். அது பிரஷரைப் பிடிச்சு வைக்கும். குழாய் இளகணும்னா நீங்க நடக்கணும். வேகமா நடக்கும்போது ரத்தம் உரசிக்கிட்டு ஓடும். அந்த உரசல்லதான் குழாய் விரிஞ்சு கொடுக்கப் பழகும். உப்பு, ஊறுகாய், கருவாடு, ஆட்டுக்கொழுப்பு எல்லாத்தையும் குறைங்க."

"எம்புட்டு நாளைக்கும்மா நடக்கணும்?"

டாக்டரம்மா சிரித்தார். "நாள்கணக்கு கிடையாதும்மா. விட்டா மறுபடி விறைக்கும்."

வெளியே வந்ததும் வேப்பமரத்தடியில் நின்றுவிட்டாள். "யக்கா, நடக்கணும்னு சொல்லிட்டாவ. எங்கன போய் நடக்க?"

"ராஜபாளையம் ரோட்டுல எத்தன பேரு நடக்காவ. ஷூ போட்டுக்கிட்டு."

"அவாள்லாம் ஆபீசர் வீட்டுப் பொம்பளைய. நடந்தா வாக்கிங். நான் நடந்தா, சுடலைமணி பொண்டாட்டி விடியக்காலம் யாரத் தேடிப் போறான்னுல்லா கேப்பாவ. கையில ஒரு பையாவது இருக்கணும் யக்கா. சும்மா வீசிக்கிட்டு எப்படி நடக்க?"

"அப்போ பையத் தூக்கிக்கிட்டு நட."

"வெறும் பையையா? கிறுக்கிம்பாவ."

எனக்குச் சிரிப்பு வந்தது. ரெபேக்காள் போன பிறகு நான் சிரித்தது அன்றைக்குத்தான். அது ஆடி பிறந்திருந்த சமயம். கொடியேற்றம் வந்தது. மாரிசெல்வி சுற்றுகிறவர்களோடு சேர்ந்துகொண்டாள். யாரும் எதுவும் கேட்கவில்லை. நான் கூடவே போவேன். கோபுரத்துக்கு உள்ளே வடபக்கத்துக் கல்படியில் உட்கார்ந்திருப்பேன். கிறிஸ்தவச்சிக்கு இங்கே என்ன என்று ஒருவரும் கேட்டதில்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் அவள் என்னைக் கடக்கும்போது கையைக் காட்டுவாள். முதலில் முகம் வெளுத்து, வாயால் மூச்சு விட்டுக்கொண்டு வந்தாள். தபசு நெருங்கும்போது வாயை மூடிக்கொண்டு நடந்தாள்.

தபசு முடிந்தது. அவள் நிறுத்தவில்லை.

சாப்பாட்டு விஷயத்தில்தான் சுடலைமணி மல்லுக்கட்டினான். தூக்குச்சட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைப் பஞ்சாயத்துக்குக் கூப்பிட்டான்.

"நீங்களே சொல்லுங்கக்கா. அம்பாசமுத்திரத்துலருந்து கார் போட்டு வந்து என் கைச் சால்னாவத் தின்னுட்டுப் போறான். இவ மோந்துகூடப் பாக்க மாட்டேங்கா."

"மோந்து பாத்தேன். நல்லாத்தான் இருக்கு" என்றாள் மாரிசெல்வி. "மேல மெதக்கதப் பாரும். வெளக்கு ஏத்தலாம்."

"அந்த மெதக்கதுதாம்ட்டி ருசி."

"அந்த மெதக்கதுதான் ரெபேக்காளக்காவக் கொண்டுபோச்சு."

அப்படி என் தங்கை பேரைச் சொன்னதற்கு உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள். ரெபேக்காள் கறி அதிகம் தின்கிறவளில்லை. அப்பளமும் ஊறுகாயும்தான் அவளுக்கு. சுடலைமணி சட்டியை மூடினான். மறுநாள் அடுப்படியில் பாத்திரச் சத்தம் கேட்டது. கம்பஞ்சோறும், எண்ணெய் காட்டாமல் வேகவைத்த கொத்தவரங்காயும், கானம் என்கிற கொள்ளில் உப்புக் குறைத்து அரைத்த துவையலுமாக ஏதோ செய்திருந்தான். எனக்கும் ஒரு கிண்ணம் வந்தது. வாயில் வைத்துவிட்டு, "இது யாருக்குல செஞ்ச, நோயாளிக்கா மாட்டுக்கா?" என்று சுவருக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டேன். "ரெண்டும் ஒண்ணுதான்க்கா எங்க வீட்ல" என்றான். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு கரண்டி அவன் முதுகில் விழுந்த சத்தமும் அவன் 'ஆத்தி' என்றதும் கேட்டது.

புரட்டாசியில் பிரஷர் இறங்கியது. நனைந்த துணி வாளியோடு மாடிக்கு ஒரே மூச்சில் ஏறினாள். எரிச்சல் வந்தால்கூட முன்னைப்போல அதிக நேரம் நிற்பதில்லை என்றாள்.

அந்தச் சமயத்தில்தான் பொன்செல்விக்குக் கரிவலம்வந்தநல்லூர் மாப்பிள்ளை பேசினார்கள். பையன் திருநெல்வேலியில் செல்போன் கடையில் மேனேஜர். அப்பா பொன்னுச்சாமி, வயற்காடும் மோட்டாருமாக நல்ல நிலையில் இருக்கிறவர். தாயில்லாத பையன், அத்தை மாரித்தாய்தான் வளர்த்தாள். பொண்ணு பார்த்துப் பூவும் வைத்தாயிற்று. தையில் நிச்சயம் என்று பேச்சு. பொன்செல்வி காதில் போனை வைத்துக்கொண்டு எங்கள் மாடியில் நடக்க ஆரம்பித்தாள். "ஏட்டி, அம்மை கோயில்ல சுத்துதா, நீ மாடியில சுத்துத" என்று நான் கேலி பண்ணினால் முகம் சிவந்து கீழே ஓடிவிடுவாள்.

ஐப்பசி மழை தொடங்கிய ஒரு வெள்ளிக்கிழமை மாரித்தாய் கோயிலுக்கு வந்திருக்கிறாள். சம்பந்தகாரி ஈரத்தரையில் சேலையைச் சொருகிக்கொண்டு விறுவிறுவென்று போவதைத் தூரத்தில் பார்த்துவிட்டு, வாசலில் பூக்காரியிடம் விசாரித்திருக்கிறாள். பூக்காரி தெரிந்ததைச் சொன்னாள். "அந்தப் பொம்பளையா? ஆடியிலருந்து ஒருநாள் விடாமச் சுத்துதா. என்ன வேண்டுதல்னு கேட்டா சிரிக்கா. வீட்ல என்னமோ பெருசா நடந்திருக்கு தாயி."

பேச்சு ஹோட்டல் வழியாகச் சுடலைமணிக்கு வந்தது. பொண்ணுக்கு நாகதோஷம், அதை மறைக்கிறார்கள் என்று ஒரு பேச்சு. பொண்ணு யாரோடோ போய்த் திரும்பி வந்தவள், அதற்குத்தான் தாய்க்காரி நேர்ந்திருக்கிறாள் என்று இன்னொன்று. எங்கள் ஊரில் கோயிலை இப்படிச் சுற்றுகிறவளுக்குக் கால் மட்டும் இருக்க முடியாது. காரணம் இருக்க வேண்டும். காரணம் தெரியவில்லையென்றால் அது சொல்லக்கூடாத காரணம்.

"கல்யாணம் முடியுதவரைக்கும் நிறுத்திப்போடு" என்றான் சுடலைமணி. கெஞ்சித்தான் கேட்டான்.

மாரிசெல்வி நிறுத்தினாள். மகளுக்காக என்றால் எந்தத் தாய்தான் மாட்டேன் என்பாள். வீட்டுக்குள்ளேயே நடக்கிறேன் என்று சொல்லி, வாசலுக்கும் அடுப்படிக்கும் நாலு எட்டு வைத்துப் பார்த்தாள். சுவரில் முட்டிக்கொண்ட மாதிரி திரும்பித் திரும்பி வந்தாள். அதுவும் நின்றது. கார்த்திகையில் ஒருநாள் மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்திருந்தாள். வாளி பக்கத்தில் இருந்தது. கையால் கழுத்தைப் பிடித்திருந்தாள்.

"என்னட்டி?"

"ஒண்ணுமில்ல யக்கா. தாடைகிட்ட லேசா இழுக்கு."

அந்த வார்த்தையைக் கேட்டதும் நான் தெருவுக்கு ஓடினேன். ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுபோனேன். இசிஜி எடுத்தார்கள். அட்டாக் இல்லை, ஆனால் பிரஷர் ஏறிக் கிடக்கிறது, ரத்தக்குழாயைப் பெரியாஸ்பத்திரியில் காட்டுங்கள் என்றார்கள். மறுநாளே திருநெல்வேலிக்குப் போனோம். அங்கே மாத்திரையைக் கூட்டிக் கொடுத்து, நடையை ஏன் விட்டீர்கள், பைய ஆரம்பித்து மறுபடி நடங்கள் என்றார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, கரிசல் காட்டில் தண்ணீர் நிற்பதைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கரிவலத்திலிருந்து பேச வருகிறார்கள் என்று போன் வந்தது. என்ன பேச்சு என்று சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரியும். சுடலைமணி காலையிலிருந்தே சமைத்தான். ஒன்றரைக் கிலோ கறி, தெருவே மணத்தது. என்னையும் இருக்கச் சொன்னார்கள். மூத்தவளாக ஒரு ஆள்.

பொன்னுச்சாமி நாற்காலியில் உட்கார்ந்தார். மாரித்தாய் பாயில் உட்கார்ந்தாள். என் வயதிருக்கும். அகலமான முகம், அதில் எப்போதும் வேர்வை. சேலைத்தலைப்பால் விசிறிக்கொண்டே இருந்தாள். மழை, உளுந்து, உர விலை என்று கொஞ்ச நேரம் போனது.

"மச்சான், சுத்தி வளைக்க எனக்குத் தெரியாது" என்றார் பொன்னுச்சாமி. "ஊர்ல நாலு விதமாப் பேசுதாவ. நாங்க நம்பல. உங்க வாயால கேட்டுட்டா சரியாப்போவும்."

சுடலைமணி தயாராக இருந்தான். "என்ன இருக்கு மச்சான். மக கல்யாணம் நல்லபடியா நடக்கணும்னு அம்மனுக்கு நேந்துக்கிட்டா. ஆயிரத்தொண்ணு. அம்புட்டுத்தான்."

மாரித்தாய் முகம் விரிந்துவிட்டது. "அப்படிச் சொல்லுங்க! இதுக்குப் போயி மூடி மூடி வச்சிருக்கீய. தங்கச்சி, எம்புட்டு முடிஞ்சிருக்கு?"

"கொஞ்சந்தான் பாக்கி" என்று முந்திக்கொண்டான் சுடலைமணி.

"அப்போ நிச்சயத்துக்கு முந்தி முடிச்சிரு. கடைசிச் சுத்துக்கு நானும் வாரேன். மாவெளக்கு போட்டு எறக்கி வச்சிருவோம். அதுக்கப்புறம் சுத்தாண்டாம், என்ன? கல்யாணம் முடிஞ்ச பெறகும் சம்பந்தகாரி சுத்துனா எங்க ஊர்ல வாயில போட்டு மென்னுருவாவ."

அவ்வளவுதான் வேண்டியிருந்தது. சரி என்று ஒரு வார்த்தை. சுடலைமணி அடுப்படியைப் பார்த்து, "பிள்ளே, எல போடு" என்றான்.

"யக்கா" என்றாள் மாரிசெல்வி, மாரித்தாயைப் பார்த்து. தறியில் பேசுகிற சத்தத்தில் வந்தது. "அது நேர்ச்ச இல்ல."

"ஏட்டி" என்றான் சுடலைமணி.

"இரியும். யக்கா, எனக்குக் கர்ப்பப்பை, முட்டைப்பை எல்லாத்தையும் எடுத்துட்டாவ. நாலு வருஷத்துக்கு மேல ஆச்சு. அதுல ரத்தக்குழாய் வெறைச்சுக்கிட்டே வருது. டாக்டரு நடக்கச் சொன்னாவ. ரோட்டுல நடக்கக் கூச்சமாயிருந்துது, கோயில்ல நடந்தேன். சாமிக்கு நான் ஒண்ணும் நேரல. நேந்திருந்தா முடிச்சிருப்பேன். இதுக்கு முடிவு கெடையாது. உசுரு இருக்கமட்டும் நடக்கணும்."

பொன்னுச்சாமி கண்ணைத் தரையில் போட்டார். "இது பொம்பளைய சோலி" என்று சொல்லி, போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். மாரித்தாய் விசிறுவதை நிறுத்தியிருந்தாள்.

"ஒங்க அம்மைக்கும் இப்படித்தானா?"

"எங்கம்மைக்கும் கட்டி இருந்துது."

"அப்போ பிள்ளைக்கும் வருமோ?"

வாழையிலையோடு நின்ற பொன்செல்வி, "எனக்கு ஒண்ணும் இல்ல அத்தை" என்றாள். கொஞ்சம் நிறுத்தி, "நாளைக்கு வந்தா என்னைய நடக்க விடுவீயளா?" என்றாள்.

"பாத்தியளா வாய" என்றாள் மாரித்தாய். ஆனால் அதில் காரம் இல்லை. வேறெதையோ யோசித்துக்கொண்டிருந்தாள் என்று எனக்குத் தோன்றியது.

சாப்பிடவில்லை. இன்றைக்குக் கிருத்திகை, கறி தொடமாட்டோம் என்றார் பொன்னுச்சாமி. கிருத்திகை இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். ஊருக்குப் போய்ப் பேசிவிட்டுச் சொல்லுகிறோம் என்று பைக்கில் ஏறினார்கள்.

சுடலைமணி வாசற்படியில் உட்கார்ந்துவிட்டான். "ஒரு பொய் சொன்னா என்னட்டி கொறைஞ்சிரும்? அவ வாழ்க்கைக்குத்தான?"

"பொய் சொல்லியிருப்பேன். சொன்னா அதோட நடக்கத நிறுத்தணும்லா."

"எனக்கு எம்மக முக்கியம்."

"எனக்கும் அவதான் முக்கியம். நாளைக்கு அவ பிள்ள பெறும்போது பக்கத்துல நிக்க ஆளு வேணும்லா. யாரு நிப்பா, நீரு நிப்பீரா?"

பொன்செல்வி வந்தவர்களுக்கென்று எடுத்த இலையில் தானே உட்கார்ந்து, கறியைப் போட்டு, கண்ணில் தண்ணீர் வழிய வழியத் தின்றாள்.

கரிவலத்திலிருந்து ஒன்றும் சொல்லி அனுப்பவில்லை. சொல்லாததுதான் பதில். அந்தப் பையனும் போன் பண்ணுவதை விட்டுவிட்டான். அவள் கூப்பிட்டால் எடுப்பதில்லை. பொன்செல்வி தன் வீட்டில் அழவில்லை. என் வீட்டுக்கு வந்து, ரெபேக்காளின் கட்டிலில் குப்புறப் படுத்து அழுதாள். தாயோடு மார்கழி முழுக்கச் சரியாகப் பேசவில்லை. மாரிசெல்வி அதைத் தாங்கிக்கொண்டாள். ஊர் இன்னும் கொஞ்சம் பேசியது. அவள் விடியக்காலையில் எழுந்து, பைய நடக்கத் தொடங்கி, பனியில் தலைக்குத் துண்டைக் கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனாள். பூக்காரி கேட்டபோது உள்ளதை உள்ளபடி சொன்னாள். பூக்காரிக்கு அந்தக் காரணம் சுவாரசியமாக இல்லை. வேறு யாரிடமும் சொன்னதாகத் தெரியவில்லை.

மாசியில் ஒரு வெள்ளிக்கிழமை. நான் என் கல்படியில் இருந்தேன். கோபுரத்துக்குள் ஒரு பெண் தயங்கித் தயங்கி நுழைந்தாள். மாரித்தாய். என்னைப் பார்த்தாள், தெரியாதவள் போல முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அர்ச்சனைத் தட்டு இல்லை, பூ இல்லை. மாரிசெல்வி மூலையில் திரும்பி வந்தாள். மாரித்தாய் அவள் பின்னால் சேர்ந்துகொண்டாள்.

முதல் சுற்றில் அவர்கள் என்னைக் கடக்கும்போது மாரித்தாய் நாலு எட்டு பின்னால் வந்தாள்.

அடுத்த சுற்றில் மாரித்தாயின் குரல் கேட்டது. "...முடிஞ்ச பேச்சு முடிஞ்சதுதான் தங்கச்சி. அவனுக்கு வேற எடத்துல பாத்தாச்சு. நான் அதுக்கு வரல."

மாரிசெல்வி முன்னால் பார்த்தபடியே போனாள். அவள் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. அது நடையாலா கோபத்தாலா என்று என்னால் சொல்ல முடியவில்லை.

மூன்றாவது சுற்று வந்து சேர நேரமானது. வெயில் மதில்மேல் ஏறிவிட்டது. மாரித்தாய்க்கு மூச்சு இறைத்தது, சேலைத்தலைப்பு முழுக்க நனைந்திருந்தது. கையால் நெஞ்சுக்கு மேலே தேய்த்துக்கொண்டே கேட்டாள்.

"எனக்கும் அதையெல்லாம் எடுத்துப் பன்னெண்டு வருஷமாச்சு. யார்ட்டயும் சொன்னதில்ல. இந்த எரிச்சலு... நடந்தா கொறையுமா?"

மாரிசெல்வி என்னைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனாள். பதில் சொல்லமாட்டாள் என்றுதான் நினைத்தேன். நானாக இருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

"கொஞ்சம் கொறையும்" என்றாள், திரும்பாமல். "மொதல்ல டாக்டர்ட்டக் காட்டும். அதுக்கப்புறம் நடக்கலாம். இன்னைக்கு இது போதும், உக்காரும்."

மாரித்தாய் என் பக்கத்தில், கல்படியின் அந்த ஓரத்தில் வந்து உட்கார்ந்தாள். நான் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டேன். மாரிசெல்வி அடுத்த சுற்றுக்குப் போய்விட்டாள்.